மீன்நூல் வல்ல மருத்துவர் பிளோக்

காஞ்சிமாநகர்க்கு அணித்தேயுள்ள எங்கள் ஐயம்பேட்டையில் மீன் வாங்குவோர் முதற்கண் செய்வதொன்றுண்டு. மீனின் நிறத்தையோ பருமனையோ நோக்குமுன், தலைப்பக்கத்து மூடியை விரலால் நெம்பித் தூக்கிச் செவுளை நோக்குவர். செவுள் செக்கச் சிவந்திருப்பின் மீன் புதியது. வெளுத்தோ கறுத்தோ இருப்பின் விலை பேசாது அப்பாற் செல்வர். ஏரி வற்றுங் காலத்தில் வாளையும் விராலும் கெளுத்தியும் கூடை கூடையாய் வரும். அன்னையார் செவுளைத் தூக்கிப் பார்க்கும்போது அருகில் நிற்கும் எனக்கு, அச்செந்நிற இழைகள் தறியின் அச்சுப் பற்களைப்போலத் தோன்றும். வரிசை பிறழாது நிற்கும் அவ்விழைகளிடையே வேறோர் உயிரும் குடியிருக்கக்கூடும் என்பதை யான் கல்லூரிக்கு வந்த பின்னரே அறிந்தேன்.

விடுதியில் என் அறைத்தோழர் விலங்குநூல் பயில்பவர். அவர் ஒருநாள் ஆற்றுவாளை ஒன்றன் செவுளினின்று ஓரிழையை நறுக்கி உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து என்னை நோக்கச் செய்தார். கண்ணுக்குத் துகளாகவும் தோன்றாத ஒரு தட்டைப்புழு அங்கே நீண்டும் குறுகியும் நெளிந்துகொண்டிருந்தது. தலைப்பக்கத்தில் நான்கு கரும்புள்ளிகள். அவை அதன் கண்கள். வாற்பக்கத்தில் கொக்கிகள். அக்கொக்கிகளைச் செவுளிழையிற் செலுத்தி, ஓடும் நீரில் நிலைபெயராது நின்று, மீனின் உடற்பொருளையே உண்டு வாழ்கின்றது அது. அதன் பெயர் தபாரோகிளைடஸ் வாலகோனியஸ் என்றார் நண்பர். 1952-ஆம் ஆண்டில் ஜெயின் என்னும் அறிஞர், லக்னோ சர்வகலாசாலையில் ஒட்டுண்ணிப் புழுக்களை ஆராய்ந்து புகழ்பெற்ற தபார் என்பாரின் பெயரால் அவ்வினத்துக்குப் பெயரிட்டார். பிற்பெயரோ மீனின் பெயரினின்று வந்தது. அம்மீனுக்கு அறிவியலார் வழங்கும் பெயர் வாலாகோ ஆட்டு.

ஆட்டு என்ற சொல்லைக் கேட்டதும் புழு என் கருத்தினின்று அகன்றது. ஆற்றுவாளையை ஊரார் ஆத்துவாளை என்பர். அவ்வாத்து அன்றோ இலத்தீன் உடை உடுத்து நிற்கின்றது! தமிழ்ச்சொல்லை இலத்தீன் நூலில் ஏற்றி வைத்தவர் யாவர் என்று தேடப் புகுந்தேன். பெர்லின் நகரத்து மருத்துவர் மார்க்கஸ் எலியேசர் பிளோக் என்பாரிடம் அத்தேடல் என்னைக் கொண்டு விட்டது. மீனைப்பற்றி மட்டுமன்றிப் புழுவைப்பற்றியும் நூல் எழுதியவர் அவர். அவர் வரலாற்றை அறிந்த அளவில் ஈண்டு வரைகின்றேன்.

பிளோக் கி.பி. 1723-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் தென்பாகத்திலுள்ள அன்ஸ்பாக் என்னும் ஊரில் வறிய யூதக் குடியொன்றிற் பிறந்தார். தந்தையார் சிறு வணிகர். யூதச் சிறுவர்க்கு அக்காலத்தில் கிடைத்த கல்வி எபிரேய மறையும் அதன் உரைகளுமே. பிளோக் அவற்றை நன்கு கற்றார். கற்பித்துப் பிழைக்குமளவு கற்றார். ஆயினும் பத்தொன்பது வயது வரையில் தாம் பிறந்த நாட்டின் மொழியாகிய ஜெர்மனை அவரால் படிக்க இயலவில்லை. இலத்தீனில் ஓரெழுத்தும் அறியார். அக்காலத்து ஐரோப்பாவில் இலத்தீன் அறியாதவனுக்கு மருத்துவமுமில்லை, இயற்கைநூலுமில்லை. யானும் இவ்வாண்டு அவ்வயதினன். நூல்நிலையத்தில் அலமாரி அலமாரியாய் நூல்கள் நிற்க, அவற்றுள் ஒன்றையும் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் மாட்டாத ஓரிளைஞனை நினைந்து பார்க்கின்றேன். வீட்டு மொழியிற் புலவன். வீதி மொழியில் எழுத்தறியாதவன். அவரை ஏளனஞ் செய்தோரும் இருந்திருப்பர்.

அவர் ஹாம்பர்க் நகருக்குச் சென்றார். அங்கு யூத அறுவை மருத்துவர் ஒருவர் இல்லத்தில் ஆசிரியராய் அமர்ந்தார். அவ்வில்லமே அவர்க்குப் பள்ளியுமாயிற்று. ஜெர்மன் மொழியையும் இலத்தீனையும் அங்குக் கற்றார். உடற்கூற்று நூலிலும் அங்கேயே சுவை கண்டார். பின்னர்ப் பெர்லினில் வாழ்ந்த உறவினரை அடைந்து, அவர் துணையால் கல்வியைத் தொடர்ந்தார். ஓடர் நதிக்கரையிலுள்ள பிராங்க்பர்ட் சர்வகலாசாலையில் மருத்துவப் பட்டம் பெற்று, பெர்லினுக்கே மீண்டு மருத்துவத் தொழில் தொடங்கினார். தொழில் வளர்ந்தது. யூதப் பேரறிஞர் மோசே மெண்டல்சோன் அவர்க்கு நண்பர். அவர்க்கு மருத்துவம் பார்த்தவரும் பிளோக்கே. மூன்று முறை மணஞ் செய்துகொண்டார் என்பதற்கு மேல் அவருடைய இல்வாழ்க்கையைப்பற்றி இங்கு விரிக்க வேண்டுவதில்லை.

யூதராயிருந்தமையால் பிரஷ்ய அரசின் கல்லூரிகளிற் பேராசிரியப் பதவி அவர்க்கு எட்டாததாயிற்று. ஆயினும் பெர்லினில் 1773-ல் எழுந்த இயற்கை ஆராய்ச்சி நண்பர் சங்கம் அவரைத் தன் தொடக்கக் காலத்து உறுப்பினருள் ஒருவராய் ஏற்றுக்கொண்டது. பகலில் நோயாளர், ஓய்வுப் பொழுதிற் பறவை, மீன், புழு. அவர் முதலிற் பெயர்பெற்றது புழுக்களாலேயாம்.

அதனைச் சிறிது விரித்துரைக்க வேண்டும். மனிதன் வயிற்றிலும் விலங்கின் குடலிலும் காணும் புழுக்கள் எங்கிருந்து தோன்றுகின்றன? இவ்வினா அந்நாளைய அறிஞரைப் பெரிதும் வருத்திற்று. வெளியிலிருந்து உணவோடும் நீரோடும் புகுகின்றன என்றனர் ஒரு சாரார். உடலிலேயே உடன்பிறந்து தலைமுறை தலைமுறையாய்த் தாயிடமிருந்து சேய்க்கு வருகின்றன என்றனர் மற்றொரு சாரார். கோபன்ஹேகன் நகரத்து டேனிய அரச அறிவியற் கழகம் இதனைத் தெளிவிப்பார்க்குப் பரிசு அறிவித்தது. பிளோக் எழுதிய ஆராய்ச்சி நூல் பரிசு பெற்று 1782-ல் வெளியாயிற்று. குடற்புழுக்கள் உடன்பிறப்பனவே என்பது அவர் முடிபு. அதற்கு அவர் காட்டிய காரணங்களும் எளியனவல்ல. அப்புழுக்கள் நிலத்திலும் நீரிலும் தனித்து வாழக் காண்கிலோம். உடலைவிட்டு நீக்கினால் விரைவில் மடிகின்றன. பிறந்த இளங்குட்டிகளிடத்தும் அவை காணப்பட்டதுண்டு. இவற்றைக்கொண்டு வேறெம்முடிபுக்கு வருவது?

ஆனால் அம்முடிபு பிழை. பரிசு பெற்ற விடையே பிழையாயிற்று.

பிளோக் உயிரோடிருந்த நாளிலேயே, பரிசளித்த அந்த டென்மார்க்கில் அபில்கார்ட் என்னும் கால்நடை மருத்துவர், சிறு மீன்களின் உடலிலிருந்த நாடாப்புழுவை மீனோடு வாத்துகளுக்கு ஊட்டி, அப்புழு வாத்தின் குடலில் வாழக் கண்டார். ஓருயிரின் வயிற்றுப் புழு மற்றோருயிரின் வழியே வருகின்றது என்பதற்கு அது சான்று. எனினும் பலர் அதனைக் கருதிற்றிலர். இவ்வபில்கார்ட்டே 1794-ல் ஸ்டர்ஜன் என்னும் பெருமீனின் செவுளில் ஒட்டி வாழும் தட்டைப்புழு ஒன்றனையும் விவரித்தார். ஆனால் அதனை அட்டை என்று கருதி அட்டைக் குலத்திற் சேர்த்துவிட்டார். ஒருவர் ஓரிடத்திற் கூர்மையாய் நோக்கி மற்றோரிடத்தில் வழுக்கி விழுவது அறிவுலகில் அரிதன்று.

செவுட்புழுக்களின் வாழ்க்கையை அறிந்திருந்தால் பிளோக் அம்முடிபுக்கு வந்திரார் என்று யான் எண்ணுகின்றேன். குடற்புழுவைப் போல அவை மறைந்து வாழ்வன அல்ல. நீர் புகுந்து புறப்படும் வாயிலிலேயே வாழ்கின்றன. ஒவ்வொரு புழுவும் ஆணும் பெண்ணுமாகிய இருமையுடையது. பெரும்பான்மையன நீரில் முட்டையிடும். முட்டையினின்று மென்மயிர் போர்த்த இளம்புழு வெளிப்பட்டு நீந்தும். தனக்குரிய மீனைக் குறித்த காலத்திற்குள் கண்டு பற்றிக்கொள்ளாவிடின் அது இறந்தொழியும். பற்றிக்கொண்டதேல், மயிரை உதிர்த்துவிட்டுச் செவுளிற் கொக்கியூன்றி வளரத் தொடங்கும். இடையில் வேறெவ்வுயிரின் துணையும் வேண்டுவதில்லை. இவற்றுட் பல, ஓரின மீனையோ அதன் நெருங்கிய சுற்றத்தையோ அன்றிப் பிறவற்றை நாடா. விராலின் புழு வாளைக்கு ஆகாது. ஏரியிலும் ஆற்றிலும் இவை மிகுந்த தீங்கு செய்வதில்லை. குளத்தில் மீனை நெருக்கி வளர்க்குமிடத்தோ நூற்றுக்கணக்கிற் பெருகும், செவுள் வெளுத்துக் கோழை படர்ந்து மீன்கள் நீர்மட்டத்தில் வாய்திறந்து தவிக்கும், பின்னர் மடியும்.

1832-ல் பின்லாந்து நாட்டு நார்ட்மன் என்பார் இக்குலத்தில் ஒரு விந்தையை வெளியிட்டார். கெண்டைக்கு உறவான பிரீம் என்னும் மீனின் செவுளில் இரு புழுக்கள் குறுக்காய் இணைந்து ஒன்றாகி வாழ்கின்றன. தனித்த இளம்புழு இணை காணாவிடில் முதிராமலே இறக்கும். இணை கண்டதேல் இரண்டும் தசையோடு தசையாய் ஒட்டிப் பின் ஒருநாளும் பிரிவதில்லை. 1858-ல் பெல்ஜியம் நாட்டு வான் பெனடன் என்பார், இவை ஒரே உயிரிடத்து வாழ்நாளைக் கழிப்பவை, குடல் ஈரல்களில் வாழும் மற்றை வகையோ உயிர் மாறி உயிர் புகுந்து வளர்பவை என்று இரண்டையும் பிரித்துக் காட்டினார். பிளோக்கின் பரிசுநூல் அப்போது பழங்கதையாகிவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். அக்காலத்து மீன்நூலார் ஒவ்வொரு மீனுக்கும் துடுப்புகளின் நரம்புகளை எண்ணிக் குறிப்பர். செவுளை மூடிய சவ்வின் நரம்புகளையும் எண்ணுவர். பிளோக்கும் மீன்தோறும் அங்ஙனமே எண்ணினார். ஆகலின் எங்கள் ஊர்ச் சந்தையிற் போலவே, கையில் வந்த மீனின் செவுளை அவரும் தூக்கிப் பார்த்தவரே. வினாவுக்கு விடை கூறவல்ல உயிர்கள் வாழும் அவ்விடத்தில் அவர் விரல் பன்முறை பட்டிருக்கின்றது. இதனை அவரைக் குறைகூறுதற்கு எழுதினேனல்லேன்.

இனி மீன்நூலுக்கு வருவோம். சுவீடன் நாட்டு லின்னேயஸ் உயிர்களை எல்லாம் வகுத்துப் பெயரிட்ட காலமது. ஜெர்மனியின் ஏரிகளில் வாழும் மரேனா என்னும் மீனை 1779-ல் பிளோக் முதன்முறையாக விவரித்துப் பெயர் சூட்டினார். அப்போது அவர்க்கு வயது ஐம்பத்தாறு. மற்றையோர் தொழிலினின்று ஓய்வு நாடும் பருவத்தில் அவர் தம் பெரும்பணியைத் தொடங்கினார். 1782 முதல் 1784 வரையில் ஜெர்மனியின் மீன்களைப்பற்றி மூன்று பகுதிகள் வெளிவந்தன. 1785 முதல் 1795 வரையில் அயல்நாட்டு மீன்களைப்பற்றி ஒன்பது பகுதிகள். ஆகப் பன்னிரண்டு பகுதிகள், 432 படங்கள். செப்புத் தகட்டில் வெட்டி அச்சிட்டு, ஒவ்வொன்றையும் கையால் வண்ணந் தீட்டி, செதில் மின்னுதற்கு வெள்ளிப்பொடியும் பூசினர். ஐயம்பேட்டையிற் பிறந்த எனக்குச் சரிகையின் விலை தெரியும். அத்தகைய படத்துக்கு ஆகும் செலவை ஒருவாறு உணர்கின்றேன். தொடக்கத்தில் செலவு முழுதும் பிளோக்குடையதே. நோயாளர் தந்த பொருள் மீன்களுக்குச் சென்றது. அவர் பொருள் போதாதாயபோது பிரபுக்களும் அறிஞர்களும் செல்வர்களும் ஒவ்வொரு படத்தின் செலவை ஏற்க முன்வந்தனர். அவர்தம் பெயர் படத்தின் அடியிற் பொறிக்கப்பட்டது. உலகியலறிந்த ஏற்பாடுதான்.

அயல்நாட்டு மீன்களை அவர் அந்நாடுகளுக்குச் சென்று பிடித்தவரல்லர். வணிகரிடமும் நண்பரிடமும் பெற்றார். அந்நண்பருள் நமக்கு மிக உரியவர் தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் பாதிரியார். ஜான் 1747-ல் பிறந்து, 1771-ல் தரங்கம்பாடிக்கு வந்து, 1813-ல் அம்மண்ணிலேயே உயிர் துறந்தவர். ஜெபம், பள்ளிக்கூடம், அநாதைப் பிள்ளைகள் ஆகிய கடமைகளிடையே சங்கு, பாம்பு, மீன் முதலியவற்றைத் திரட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பி வந்தார். ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ் என்னும் புகழ்பெற்ற வெளியீட்டின் ஏழாந் தொகுதியில் ஔவையாரைப்பற்றி ஆங்கிலத்தில் எழுதி, அம்மூதாட்டியை மேனாட்டார்க்கு அறிமுகஞ் செய்தவரும் இவரே. ஒரு கையில் ஆத்திசூடியும் மறுகையில் கத்தாளை மீனுமாக நின்ற இப்பாதிரியாரைத் தமிழ் மாணவர் மறத்தல் தகாது.

தரங்கம்பாடிக் கடற்கரையில் செம்படவர் கரைசேர்த்த மீன்களும், சோணாட்டு வாய்க்கால் குளங்களில் அகப்பட்ட மீன்களும் கப்பலேறி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, திங்கள் பல கடந்து பெர்லினை அடைந்தன. மீனோடு அதன் தமிழ்ப் பெயரும் சென்றது. அதுவே ஜான் செய்த பேருதவி. பெர்லினில் இருந்தவர்க்குத் தமிழ் ஒலி புதியது. ஆயினும் பிளோக் அவற்றைத் தள்ளிவிடவில்லை. கருத்த கத்தாளை என்று தமிழர் கூறும் மீனுக்கு 1793-ல் அவர் இட்ட பெயர் ஜானியஸ் கருட்டா. முற்பெயர் ஜான் பாதிரியாரைக் குறிப்பது. பிற்பெயர் நம்முடைய கருத்த என்னும் சொல். நண்பரும் நண்பர் வாழ்ந்த நாட்டின் மொழியும் ஒரே பெயரில் இணைந்து நிற்கின்றனர். இன்றும் விலங்குநூலார் வழங்குவது அப்பெயரே.

நாம் நாடோறும் காணும் மீன்கள் பலவற்றுக்கு அவரே பெயரிட்டவர். விராலுக்கு 1793-ல், கொட்டுந் தேளிக்கு 1794-ல், கருவாவலுக்கு 1795-ல். பனையேறிக் கெண்டைக்கு 1792-ல் பெயரிட்டார். பனையேறி என்ற தமிழ்ப் பெயரையும் அதன் பொருளையும் ஜானே மேனாட்டார்க்கு அறிவித்தார். தரங்கம்பாடியிலிருந்த டால்டார்ப் என்னும் டேனியப் படைத்தலைவர், 1791 நவம்பரில் குளக்கரைப் பனையொன்றின்மேல் அம்மீன் ஏறக் கண்டதாக எழுதினார். அது 1797-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தாரால் வெளியிடப்பெற்றது. மீன் மரமேறுவது மெய்யோ என்ற வழக்கு அன்று தொடங்கியது. அது நிலத்தில் ஊர்ந்து செல்லும் என்பதிலும், செவுளுக்கு மேல் உள்ள மடிப்புறுப்பினால் காற்றை நேரே உட்கொள்ளும் என்பதிலும் ஐயமில்லை. பனையைப்பற்றிய பகுதியை எங்களூர்ப் பெரியவர் சிலர் இன்றும் உறுதியாய் நம்புகின்றனர், யான் கண்டதில்லை.

பிழைகளும் உள. கைமாறிக் கைமாறி வந்த மீன்களின் ஊரை வணிகர் தவறாகக் கூறினர். அவரும் அவ்வாறே எழுதினார். மலையாளத்தார் கரிமீன் என்று விரும்பியுண்ணும் மீனுக்குச் சூரத்து நகரின் பெயரை 1790-ல் இட்டுவிட்டார். சூரத்தோடு அதற்கு யாதொரு தொடர்பும் இல்லை. எனினும் முதலில் இட்ட பெயரை மாற்றலாகாது என்பது அந்நூலார் விதி. ஆகவே கேரளத்துக் காயல்மீன் இன்றும் சூரத்துக்காரனாகவே ஏடுகளில் வாழ்கின்றது. நம் கொடுவா மீனையும் ஜப்பானியது என்று கருதினார்.

பன்னிரண்டு பகுதிகளும் முடிந்தபோது அவர்க்கு வயது எழுபத்திரண்டு. அறிந்த மீன்கள் யாவற்றையும் ஒரே முறையில் வகுத்து இலத்தீனில் ஒரு பெருநூல் இயற்றத் தொடங்கினார். பத்தொன்பது வயதில் ஓரெழுத்தும் அறியாதிருந்த அம்மொழியிலேயே இறுதி நூலை எழுதினார் என்பதைப் படித்தபோது நெடுநேரம் அடுத்த பக்கத்துக்குச் செல்ல என்னால் இயலவில்லை. துடுப்புகளின் தொகையைக்கொண்டு மீன்களை வகுப்பது அவர் கருதிய முறை. அது சிறந்த முறையன்று. பின்வந்தோர் அதனைக் கைவிட்டனர். நூல் முடியுமுன் நலிவுற்றுக் கார்ல்ஸ்பாட் நீரூற்றுகளை நாடிச் சென்றவர், அவ்வூரிலேயே 1799-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6-ஆம் நாள் காலமானார்.

எஞ்சிய ஏடுகள் ஷ்னைடர் என்பாரிடம் சேர்ந்தன. ஷ்னைடர் கிரேக்க மொழிப் புலவர், அகராதி செய்தவர். ஒரு மொழிப்புலவர் மருத்துவர் விட்டுச்சென்ற மீன்நூலைத் திருத்தி, விரித்து, முடித்து 1801-ல் வெளியிட்டார். ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட மீன்கள் அதிற் கூறப்பட்டன. தமிழ் ஆனர்ஸ் மாணவன் மீனைப்பற்றி எழுதுவதா என்று நகைக்கும் நண்பர்க்கு ஷ்னைடரையே விடையாகக் காட்டுகின்றேன்.

பிளோக் திரட்டிய மீன்கள் ஆயிரத்தைந்நூறு அளவின. அவை பின்னர்ப் பெர்லின் அரும்பொருட்சாலையைச் சேர்ந்தன. இரண்டு நூற்றாண்டுகளும் பெரும்போர்களும் கடந்து எண்ணூறு அளவில் இன்றும் அங்கு எஞ்சியுள்ளன. சாராயத்தில் ஊறியவை சில. தோல் மட்டும் உலர்த்தி வைத்தவை சில. தரங்கம்பாடியினின்று கப்பலேறிய மீன்களும் அவற்றிடையே உண்டு.

சிலூரஸ் ஆட்டு என்னும் பெயர் முதன்முதல் அச்சேறியது ஷ்னைடர் முடித்த 1801-ஆம் ஆண்டு நூலிலேயாம். அதனை அச்சிற் காண பிளோக் உயிரோடில்லை. ஐம்பதாண்டு கழிந்து பிளேக்கர் என்னும் டச்சு மருத்துவர் அம்மீனைத் தனிக்குலமாக்கி வாலாகோ என்றனர். அதில் தெலுங்கர் வழங்கும் வாளுக என்னும் பெயரின் சாயல் உள்ளது. அதற்கும் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் அம்மீனின் செவுளிலிருந்த புழுவுக்கு வாலகோனியஸ் என்னும் பெயர் வந்தது. சென்ற விடுமுறையில் ஊர் சென்றபோது வாளை வாங்கினோம். செவுளின் ஓரிழையைப் பத்திரப்படுத்தித் தருமாறு அன்னையாரை வேண்டினேன். அவர் செவுளை முன்னரே கிள்ளிப் பூனைக்கு எறிந்துவிட்டார்.